தாத்தாவின் பெட்டியில் சீன முத்திரை

கேள்வி: சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியில் ஒரு சின்னக் கல் முத்திரை கிடைத்தது. அடியில் சீன எழுத்து மாதிரி நான்கு இருக்கின்றன. எப்படிப் படிப்பது?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கல்லில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், அதனால் போனில் படமெடுத்து எடிட்டில் திருப்பிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் சிவப்பு மையைச் சுரண்ட வேண்டாம், பழைய மை என்றால் சாதிலிங்கமாக இருக்கலாம், அதில் பாதரசம் உண்டு.

இன்றைய சீனம் தெரிந்தவர்களே திணறுவார்கள், ஏனென்றால் முத்திரைகளில் பெரும்பாலும் சின் அரச காலத்தில், 2200 வருஷத்துக்கு முன் ஒழுங்குபடுத்திய பழைய வடிவத்தைத்தான் செதுக்குவார்கள். வலது பக்கம் மேலிருந்து கீழே, அப்புறம் இடது பக்கம், இதுதான் வழக்கமான வரிசை. பெயர் முத்திரை என்றால் குடும்பப் பெயர் முதலில், கடைசியில் 'யின்', அதாவது முத்திரை என்ற எழுத்து. மேலே ஒரு கை, கீழே மண்டியிட்ட ஆள், அதுதான் அதன் பழைய உருவம். அது இடது கீழ் மூலையில் இருந்தால் வழக்கமான வரிசை. வலது கீழ் மூலையில் இருந்தால் குடும்பப் பெயரைப் படித்த கையோடு இடது பக்கத்தை மேலிருந்து படித்து, யின்னைக் கடைசியில் சேருங்கள்.

சைகோன் என்பதால் வியட்நாம்காரர் பெயராகவும் இருக்கலாம், அவர்களும் இதே எழுத்தில் முத்திரை வைத்திருந்தார்கள். கல்லின் பக்கவாட்டையும் படமெடுங்கள், செதுக்கியவர் பெயரும் வருஷமும் பல முத்திரைகளில் அங்கேதான் இருக்கும். அந்த வருஷம் 60 ஆண்டுச் சுற்றில் வரும், நம் பிரபவ, விபவ போலத்தான்.