ஹெல்கா கிரேனை 'நிலையில்லாதவள்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் நெல்லா லார்சனின் 'குவிக்சாண்ட்' நாவலில், வெள்ளைக்கார அம்மாவுக்கும் கறுப்பின அப்பாவுக்கும் பிறந்த நாயகி ஹெல்கா கிரேன் ஏன் எந்த ஊரிலும் எந்த ஆணிடமும் நிலைக்கவில்லை? இன அடையாளச் சிக்கல் என்று எழுதினால் போதுமா?

போதாது. நீங்கள் அநேகமாக எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பவர், பரீட்சை பக்கத்தில் இருக்கிறது, கையில் இருக்கும் நோட்ஸில் 'இரு இனங்களுக்கு நடுவே தவிக்கும் நாயகி' என்று போட்டிருக்கிறது. அதையே எழுதினாலும் மார்க் வரும். ஆனால் எனக்கு இது ஆறாத விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

எம்.ஃபில். ஆய்வேடு இந்த நாவலில்தான் செய்தேன். ஹெல்காவின் உடல் ஆசையைப் பற்றித் தனி இயல் எழுதிக்கொண்டு போனேன். நெறியாளர் பாதி படித்துவிட்டு மூடி வைத்தார். "ஏம்மா, வைவாவில் நாலு பேர் முன்னாடி நின்னு இதையெல்லாம் பேசுவியா? இனப் பிரச்சினை இருக்கே, அதை விரிவா எழுது, போதும்" என்றார். நல்ல மனிதர்தான், என் மேல் இருந்த அக்கறையில் சொன்னார். அந்த இயலை எடுத்தால்தான் கையெழுத்து விழும், எடுத்தேன். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே, "இவ்வளவு படிச்ச பொண்ணு அந்தப் பாதிரியாரைப் போய் ஏன் கட்டிக்கிறா?" என்று கேட்டார். அதற்கான பதில் முழுக்க அந்த எடுத்துப்போட்ட இயலில் இருந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, நாவலுக்கு வருவோம். ஹெல்கா உடுத்தும் துணியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அமெரிக்காவின் தெற்கே நாக்ஸோஸ் என்ற கறுப்பினப் பள்ளியில் அவள் ஆசிரியை. கறுப்புத் தோலுக்குக் கறுப்பு, சாம்பல், பழுப்பு, கருநீலம்தான் பொருந்தும், பளிச்சென்ற நிறம் கொச்சை என்பது அங்கே இருக்கிறவர்களின் சட்டம். பச்சையும் சிவப்பும் உடுத்த ஏங்குகிற ஹெல்காவுக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. கோபன்ஹேகனில் அம்மா வழி டேனிஷ் சித்தி வீட்டுக்குப் போகிறாள், அங்கே நேர் எதிர். கண்ணைப் பறிக்கும் உடை, தொங்கும் காதணி எல்லாம் மாட்டி, ஊருக்குக் காட்டும் பொருளாக உட்கார வைக்கிறார்கள். ஓவியன் ஆக்ஸல் ஓல்சன் அவளை வரைந்து, கல்யாணம் கேட்கும்போதே அவள் தன்னை விலைக்கு விற்கிறவள் என்றும் பேசுகிறான். எந்த வெள்ளையனுக்கும் நான் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி மறுக்கிறாள். ஒரு இடத்தில் ஆசையை மறை என்கிறார்கள், இன்னொரு இடத்தில் உனக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். இரண்டிலிருந்தும் கிளம்பி வருகிறவளைப் பார்த்து நிலையில்லாதவள் என்றால் எப்படி?

கோபன்ஹேகனுக்கு முன் கொஞ்ச காலம் இருந்த ஹார்லெமுக்கு, அதாவது நியூயார்க்கின் கறுப்பினப் பகுதிக்கு, திரும்பிய பிறகு, நாக்ஸோஸ் பள்ளியின் முதல்வராக இருந்து அவள் மனதில் இடம்பிடித்த ஆண்டர்சன் ஒரு விருந்தில் முத்தமிடுகிறான், பிறகு கூப்பிட்டு அதற்கு மன்னிப்பும் கேட்கிறான். அவள் அறைகிறாள். அப்புறம் மழையில் நனைந்து, உடம்போடு ஒட்டிய சிவப்பு உடையில் ஒரு சின்னத் தேவாலயத்துக்குள் போய் விழும்போது, அங்கிருக்கும் பெண்கள் அவளை ஜெசபெல் என்று கூவுகிறார்கள். பைபிளில் வரும், ஒழுக்கம் கெட்டவள் என்று திட்டப் பயன்படும் அந்தப் பெயரைத்தான் அடிமை முறைக் காலத்திலிருந்து கறுப்பினப் பெண்கள் தலையில் சுமத்தினார்கள். 1662-ல் வர்ஜீனியாவில் வந்த சட்டப்படி, அடிமைப் பெண்ணின் குழந்தை அம்மாவைப் போலவே அடிமை, அப்பன் யாராக இருந்தாலும் சரி. எஜமான் செய்த பாலியல் வன்முறையில் பிறந்த பிள்ளையும் அவனுக்கே சொத்து. அந்த அக்கிரமத்தை நியாயப்படுத்தத்தான், ஆசை பிடித்தவள் அவள்தான் என்று கதை கட்டினார்கள்.

இதை விட்டுவிட்டு லார்சனுக்கு முந்தைய எழுத்தாளர்களைப் பழமைவாதிகள் என்று முத்திரை குத்துகிறார்களே, அது எனக்குப் பொறுக்காது. கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஃபிரான்சிஸ் ஹார்ப்பர் 1892-ல் எழுதிய நாவலான 'அயோலா லெராய்' நாயகி அப்பழுக்கில்லாதவள். வெள்ளை டாக்டரை மறுத்து, தன் மக்களுக்கு உழைக்கும் டாக்டர் லாட்டிமரை மணக்கிறாள். எதிரி கையில் அவ்வளவு பெரிய பொய் இருக்கும்போது, நாயகிக்கு ஆசை இருக்கிறது என்று எழுதினால் அவனுக்கே ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஹார்ப்பர் காத்த மௌனம் தற்காப்பு. 1928-ல் லார்சன் அதை உடைக்கிறார், ஆனாலும் பாதிதான்.

இப்போது அந்தப் பாதிரியார், அந்தத் தேவாலயத்தில் சந்தித்து ஹெல்கா மணந்துகொண்டு அலபாமாவுக்குக் கூடப் போகிறவர். ரெவரெண்ட் பிளெசன்ட் கிரீனின் நகத்தில் அழுக்கு, உடம்பில் வியர்வை நாற்றம், எல்லாம் ஹெல்காவுக்குத் தெரிகிறது. ஆனாலும் அலபாமாவில் அவள் இரவுக்காகக் காத்திருக்கிறாள். தாலி கட்டினால் மட்டுமே ஆசைக்கு அனுமதி என்ற உலகத்தில் அந்த அனுமதிச் சீட்டுதான் அவர். அதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. இரட்டை ஆண் குழந்தைகள், ஒரு பெண் குழந்தை, நாலாவது பிறந்து இறந்துபோகிறது, படுக்கையிலிருந்து எழுந்த கையோடு ஐந்தாவது. நாவல் அங்கேயே முடிகிறது.

இனம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் கமென்டில் சண்டைக்கு வர வேண்டாம். டேனிஷ் அம்மாவுக்குப் பிறந்த லார்சனுக்கே அது தெரியாதா? இனத்தை ஹெல்கா எந்த வழியாக அனுபவிக்கிறாள் என்பதுதான் என் பேச்சு. அது உடம்பு வழியாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது இந்த நாவலை நடத்த ஆசைப்பட்டுக் கேட்டேன். நிரந்தரப் பணியில் இருந்தவருக்குக் கொடுத்தார்கள், அவர் வகுப்பில் நோட்ஸை டிக்டேட் செய்தார். எங்களுக்கு மாதச் சம்பளமே சேர்த்து வைத்துத்தான் வரும், இதில் பாடம் கேட்க என்ன உரிமை என்பது போலப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

பேராசிரியர் ஆதாரம் கேட்டால் மூன்று இடங்களைக் காட்டுங்கள்: நாக்ஸோஸில் நிறங்களைப் பற்றிய பகுதி, ஓல்சனை மறுக்கும் காட்சி, அலபாமாவில் இரவைப் பற்றி வரும் பத்தி. இலக்கிய விமர்சகர் டெபோரா மெக்டவல் இந்த நாவலின் 1986 பதிப்புக்கு எழுதிய முன்னுரையையும் தேடிப் படியுங்கள், லார்சன் ஆசையை எவ்வளவு தூரம் சொல்கிறார், எங்கே பின்வாங்குகிறார் என்று அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார்.