இடப்பக்க மிதியடி ஈரம்: சிலிக்கான் பூச வேண்டாம்

நண்பரே, மழை இல்லாத நாளிலும் உங்கள் காரில் முன்பயணியின் கால்பக்கம் நனைகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது கதவு வழியே கசியும் மழைநீர் அல்ல; கதவு ரப்பரில் சிலிக்கான் பூசும் வேலையை இன்றே நிறுத்துங்கள். சந்தேகம் ஏர்கான் வடிகுழாய் மீதுதான், அதாவது ஏர்கானில் சேரும் நீரை வண்டிக்கு அடியில் வெளியேற்றும் குழாய் மீது.

வெள்ளைத் தாளால் ஈரத்தை ஒற்றிப் பாருங்கள். நிறமோ பிசுபிசுப்போ இன்றி வெறும் தண்ணீராக இருந்தால், ஏர்கானை இருபது நிமிடம் ஓடவிட்டு வண்டியின் அடியில் பாருங்கள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அங்கே நீர் சொட்டியே ஆக வேண்டும். தரை காய்ந்திருந்தால் பெரும்பாலும் குழாய் அடைத்திருக்கிறது. தாளில் பச்சையோ இளஞ்சிவப்போ ஒட்டினால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். நேரே பட்டறைக்குப் போங்கள்.

அடைப்பெடுக்கக் கம்பி வேண்டவே வேண்டாம். நான் ஈசூனில் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் கம்பியைத் திணித்தபோது குழாய் உள்ளே கழன்றுகொண்டது. மொத்தத் தண்ணீரும் கம்பளத்தில் கொட்டியது. மெல்லிய நைலான் இழையை மெதுவாகச் செலுத்துங்கள். கருஞ்சேறு போன்ற பாசி முதலில் வரும், பிறகு தண்ணீர் சரசரவென்று இறங்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தயவுசெய்து படுக்காதீர்கள்.

கம்பளத்தைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை மின்விசிறியில் முழுதாக உலர்த்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் பஞ்சு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; பூஞ்சை வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது.