ஓவன் டிஸ்ப்ளேல எஃப் 3ன்னு எரர் கோடு வந்து பீப் அடிக்குது, கண்ட்ரோல் போர்டு மாத்தணுமா?

உடனே போர்டுக்கு ஆர்டர் போட்டுடாதீங்க. அமெரிக்க எலக்ட்ரிக் ரேஞ்ச் (அடுப்பும் ஓவனும் ஒண்ணா இருக்கறது) பலதுலயும் எஃப் 3ன்னா டெம்பரேச்சர் சென்சர் லைன்ல கோளாறுன்னுதான் அர்த்தம், உங்க மாடலுக்கும் அதானான்னு மேனுவல்ல ஒரு தடவ பாத்துக்கோங்க. மொதல்ல பிரேக்கர ஆஃப் பண்ணுங்க, 240 வோல்ட், விளையாட்டு இல்ல.

ஓவன் உள்ள பின்சுவர்ல மேல பென்சிலவிட ஒல்லியா ஒரு கம்பி நீட்டிட்டு இருக்கும், ரெண்டு ஸ்க்ரூ, அதான் சென்சர். கழட்டி மெதுவா இழுத்தா ஒயரோட கனெக்டர் வெளிய வரும், அத ஒரு கிளிப் போட்டு புடிச்சிக்கோங்க, இல்லேன்னா ஓட்டைக்குள்ள வழுக்கி போயிடும், அப்புறம் ரேஞ்ச மொத்தமா இழுக்கணும் (நான் இழுத்திருக்கேன்).

கனெக்டர பிரிச்சு, மல்டிமீட்டர்ல ஓம்ஸ் (மின்தடை) வச்சு சென்சர் பக்கத்து ரெண்டு முனையிலயும் தொடுங்க. ஓவன் ஆறியிருந்தா பெரும்பாலும் 1080, 1100 கிட்ட காட்டணும், சூடு ஏற ஏற ஏறும், 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல 1650 பக்கம் வரும். மீட்டர் ஓஎல்னு (OL, அளவுக்கு மீறிடுச்சுன்னு அர்த்தம்) காட்டுனா உள்ள அறுந்துடுச்சு, சென்சர் மாத்துங்க. ஒரு முனைக்கும் கம்பியோட உடம்புக்கும் நடுவுல ரீடிங் வந்தாலும் சென்சர் அவுட்டுதான்.

ரீடிங் சரியா இருந்தா கனெக்டர மோந்து பாருங்க, கருகி இருக்கலாம், செல்ஃப் கிளீன் (ஓவன் கடும் சூட்டுல தானே சுத்தம் பண்ணிக்கற மோடு) போட்ட மறுநாள் கோளாறு வந்துச்சுன்னா என் சந்தேகம் மொதல்ல அங்கதான். புது சென்சர் ஒயர் ஜாயின் பண்றப்ப ஒயர் முனைய மூடுற பீங்கான் கேப்பே போடுங்க, பிளாஸ்டிக் உருகிடும். இனி கனெக்டர மாட்டிட்டு போர்டு பக்கத்து பிளக்ல அதே அளவ எடுங்க, அங்கயும் 1080 கிட்ட வந்தாத்தான் போர்டு மேல சந்தேகம்.