கை தூக்கிய பதினொரு பேர்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம், வயது 24. ஒரு வருட மிஷன் பயிற்சி ஊழியத்துக்காகத் தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் மையம். சாயங்காலம் இலவச ஆங்கில வகுப்பு, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சமையல், சாப்பிட்டபின் வேதபாடம். பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் எதற்குக் கூப்பிட்டாலும் ‘வருகிறேன்’ என்று சிரிக்கிறார்கள், வருவதில்லை. டிசம்பரில் ஒரு மாணவி கண்ணீரோடு என்னுடன் ஜெபித்து இயேசுவை ஏற்றுக்கொண்டாள். ஊருக்கு எழுதினேன். சபையில் வாசித்துக் கைதட்டினார்களாம். போன வாரம் விடியற்காலையில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு நின்று அவள் பிக்குவின் பாத்திரத்தில் சோறு போடுவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்! வகுப்புக்கு வருகிறவர்களும் பாதியாகிவிட்டார்கள். போதகர் ஐயாவோ மாதாமாதம் ‘எத்தனை ஆத்துமா?’ என்று கேட்கிறார். அவள் என்னை ஏமாற்றினாளா, இல்லை நான்தான் ஊருக்குப் பொய் எழுதிவிட்டேனா? ஏப்ரலில் தன் கிராமத்துக்கு வரச்சொல்கிறாள். போகட்டுமா?

பி.கு.: டூரிஸ்ட் விசாவை நீட்டி நீட்டித்தான் இருக்கிறேன். அனுப்பினவர்கள் பரவாயில்லை என்கிறார்கள். இன்னொன்று, ரசம் வைத்துக் கொடுத்தால் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்குமா?
— பெயர் வேண்டாம், சியாங் மாய்

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பார். நீ எழுதியது மார்ச் மாதம். சுற்றிலும் வயலையும் காட்டையும் எரித்த புகை வந்து அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கிற மாதம். தலைக்கு மேலேயே நிற்கிற தோய் சுதேப் மலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புகையில் யாருக்கும் எதிலும் நம்பிக்கை வராது. போதாததற்கு அது வருடக் கடைசிப் பரீட்சை நேரம். வகுப்பு பாதியாகக் குறையாமல் என்ன செய்யும்? அதற்கு ஆவிக்குரிய காரணம் தேடாதே.

நானும் அதே ஊரில் மூன்று வருடம் ஒரு மாணவிகள் விடுதியில் இருந்தவள்தான், இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு. அங்கே பிள்ளைகள் மூத்தவர்களை ‘பீ’ என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் நீ சிரிப்பை எப்படி அடக்கினாய் என்று தெரியவில்லை, நான் அடக்கவில்லை. நம் அக்கா, அண்ணன் மாதிரிதான். அதே சொல்லைத் தொனி மாற்றிச் சொன்னால் பேய் என்று அர்த்தம். நான் முதல் ஆறு மாதம் எத்தனை பேரைப் பேயே என்று கூப்பிட்டேனோ, ஒருவர்கூடத் திருத்தவில்லை. உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

மீதியையும் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, மின்விசிறி ஓடவில்லை. நான் வேர்த்து விறுவிறுத்து ஒரு மணி நேரம் செய்தி கொடுத்தேன். முடிவில், நம் ஊர்க் கன்வென்ஷனில் பார்த்துப் பழகியபடியே, ‘யாரெல்லாம் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை தூக்குங்கள்’ என்றேன். பதினொரு கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரியே ஊருக்கு எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி முந்தின வாரம் விட்டுப்போன குடையை எடுக்க வந்தவள்.

விடுதியில் சமைக்கிற பெரியம்மாவிடம் போய்ப் புலம்பினேன். ‘பா’ என்று கூப்பிடுவோம், அங்கே அது பெரியம்மா. பூண்டு உரித்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: “ஆஜான், நீங்கள் அவ்வளவு வேர்த்துப்போய் நின்றீர்கள். யாரும் கை தூக்காவிட்டால் உங்கள் முகம் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு சொங்சான்.” ஆஜான் என்றால் நம் ஆசாரியர்தான், தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. சொங்சான் நம் சம்சாரம். நம் ஊரில் அது பெண்டாட்டி ஆனது, அங்கே இரக்கம் ஆனது. பதினொரு பேர் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள்!

இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘கிரெங் ஜாய்’. ஜாய் என்றால் மனசு. எதிரில் இருப்பவர் முகம் கோணக்கூடாது, நம்மால் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்கிற நினைப்பு. நமக்கு இது தெரியாததா? யார் வீட்டுக்காவது போனால், டீ குடிக்க ஆசையாக இருந்தாலும் ‘வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்’ என்கிறோமே, அதை ஒரு நாடே காலையிலிருந்து ராத்திரிவரை செய்கிறது என்று வைத்துக்கொள். உன்னிடம் ‘வருகிறேன்’ என்று சொன்னவள் பொய் சொல்லவில்லை. நீ கூப்பிட்டதை மதித்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆகவே நீ கேட்கிற விதத்தை மாற்று. எல்லார் முன்னிலையிலும் கேட்காதே. ‘வருவாய்தானே?’ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்காதே. ‘வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு வேதபாடம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் கிளம்பலாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நீ எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடு. போகிறவர்கள் உன் கண்ணைச் சந்திக்காமல் போகட்டும். நாங்கள் அப்படிச் செய்தபோது நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அந்த நான்கு பேரோடு பேசியது வேறு மாதிரி இருந்தது.

பேசுகிற வார்த்தையிலும் கவனம் வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் சமஸ்கிருதமும் பாலியும் கொடுத்த சொற்கள் நிறைய உண்டு. அது வசதி போலத் தெரியும், வழுக்கியும் விடும். பாவத்துக்கு அங்கே ‘பாப்’ என்பார்கள். ‘எல்லாரும் பாவம் செய்தோம்’ என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது, பேச்சு நிற்காமல் பட்டென்று அடித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாக ‘பாப்...’ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்ன நடந்தது என்று அறைக்கு வந்தபின்தான் உறைத்தது. அவர்களுடைய ஐந்து சீலங்களில் முதல் சீலம் உயிரைக் கொல்லாமை. நான் பாவத்தை வாயால் விளக்கிக்கொண்டே கையால் செய்து காட்டியிருக்கிறேன்!

நித்திய ஜீவன் இன்னும் சிக்கல். பிறவிச் சுழலிலிருந்து எப்போது விடுபடுவோம் என்று நினைக்கிறவரிடம் போய் ‘முடிவே இல்லாத வாழ்வு தருகிறோம்’ என்றால் அவருக்கு அது வரமாகவா கேட்கும்? சுவிசேஷம் சொல்ல நீ ஒப்பித்துப் பழகிய நான்கு வாக்கியத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வை. ‘பாப் என்றால் உனக்கு என்ன? புண்ணியம் யாருக்காகச் செய்கிறாய்?’ என்று அவர்களைக் கேள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஊழியம்தான்.

சரி, உன் டிசம்பர் மாணவிக்கு வருவோம்.

அவள் உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் இரண்டு தரம் படித்தேன். ஏமாற்றுகிறவள் ஒளிவாள். அவளைப் பொறுத்தவரை உன்னோடு ஜெபித்ததும் உண்மை, அம்மாவோடு சோறு போட்டதும் உண்மை. அந்த ஊரில் பெற்றவர்களுக்கு நன்றி காட்டாத பிள்ளையை மனுஷ ஜென்மமாகவே எண்ணமாட்டார்கள். மகன் துறவியானால் அவன் காவி அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தாய் சொர்க்கத்துக்குப் போவாள் என்று ஒரு சொல்வழக்கே உண்டு. மகளுக்கு அந்த வழி கிடையாது. அவளால் முடிந்தது அம்மாவோடு விடியற்காலையில் எழுந்து நிற்பது. ‘நீ மதம் மாறிவிட்டால் நான் செத்தபிறகு எனக்கு யார் புண்ணியம் செய்வார்கள்?’ என்று ஒரு தாய் என் எதிரிலேயே மகளிடம் கேட்டிருக்கிறார். எனக்கு அன்று பதில் வரவில்லை. இப்போதும் என்னிடம் ஒரு வரியில் பதில் இல்லை.

ஆகவே அவளை உட்காரவைத்து விசாரிக்காதே. இதில் தீர்ப்புச் சொல்ல ஏழு மாதப் பயிற்சி ஊழியருக்கு இடமில்லை, மூன்று வருடம் இருந்த எனக்கும் இல்லை. அந்த ஊரில் தாய்லாந்து விசுவாசிகளே நடத்துகிற சபைகள் இருக்கின்றன. முதல் சபை 1868-ல் தொடங்கியது. இந்தக் கேள்வியோடு தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்திய பாட்டிமார் அங்கே இருக்கிறார்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் அவர்களில் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போ. உன்னிடம் சொல்லக் கூசுவதை அவள் அங்கே அவள் பாஷையில் சொல்லுவாள். இன்னும் ஐந்து மாதத்தில் நீ விமானம் ஏறிவிடுவாய், அதையும் யோசி.

நீ பொய் எழுதினாயா? இல்லை. பார்த்ததை எழுதினாய், ஆனால் பார்த்ததற்கு மேல் ஒரு முடிவும் சேர்த்து எழுதினாய். நானும்தான் பதினொன்று என்று எழுதினேன், திருத்தி எழுதத் தைரியம் வர நான்கு மாதம் ஆயிற்று. நீ இந்த மாதமே எழுதிவிடு. ‘டிசம்பரில் ஜெபித்த தங்கை இப்போதும் என் தோழி. அம்மாவின் நம்பிக்கைக்கும் புதிதாகக் கேட்டதற்கும் நடுவில் நிற்கிறாள். அவளை அவசரப்படுத்தாமல் இருக்க எனக்காக ஜெபியுங்கள்.’ இவ்வளவு போதும். வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்குச் சோறு வடித்தாய், யார் ஆங்கிலத்தில் தைரியமாக வாய் திறந்தாள், அதையெல்லாமும் எழுது. சபையில் வயதான அம்மாமார் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்.

ஐயா மறுபடி எண்ணிக்கை கேட்டால் அவருக்கு ஒரு பழைய கணக்கு அனுப்பு. 1835-ல் டாக்டர் டான் பீச் பிராட்லி என்ற அமெரிக்கர் பாங்காக் வந்தார். அச்சு இயந்திரத்தை ஓட்டினார், அம்மைப்பால் குத்தினார், அந்த நாட்டின் முதல் செய்தித்தாளை நடத்தினார். தாய்லாந்துக்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள். அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1831 முதல் 1849 வரை, 18 வருடம், அங்கே ஊழியம் செய்தது. அன்று அந்த நாட்டுக்குப் பெயர் சயாம், விசுவாசத்துக்கு வந்த சயாமியர் ஒருவர்கூட இல்லை. நீ இருக்கிற சியாங் மாயிலேயே 1869-ல் உள்ளூர் அரசரின் ஆணைப்படி நோய் சுன்யா, நான் சாய் என்ற இரண்டு புது விசுவாசிகள் கொல்லப்பட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து, 1878-ல்தான், மதச் சுதந்திர ஆணை வந்தது. அங்கே ஒருவர் ‘ஆம்’ என்று சொல்வதற்கு அப்படியும் விலை இருந்திருக்கிறது. நாம் மின்விசிறி இல்லாத அறையில் கை தூக்கச் சொல்கிறோம்.

இனி விசா. இங்கே மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். பரவாயில்லை என்று சொன்னவர்கள் ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாட்டினால் மாட்டுவது நீ. தாய்லாந்தில் மத ஊழியத்துக்குத் தனி விசா உண்டு, பாடம் நடத்த வேலை அனுமதி வேண்டும், சம்பளம் வாங்காத தொண்டு வேலைக்கும் அனுமதி வேண்டும். அபராதம், நாடு கடத்தல் எல்லாம் நடக்கிற காரியம். உன்னால் அந்த மையத்துக்கும் பிரச்சனை. இன்றே அனுப்பினவர்களுக்கு எழுத்தில் கேள்: ‘எனக்குச் சரியான விசா எந்தத் தேதிக்குள் வரும்?’ வாயால் சொல்கிற பதிலை ஏற்காதே. தேதி சொல்லவில்லை என்றால் டிக்கெட் போட்டு வீட்டுக்கு வா. ஊழியத்தை விட்டு ஓடினாய் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. கூடவே, ஆங்கில வகுப்பு விளம்பரத்தில் இது கிறிஸ்தவ மையம் என்று போட்டிருக்கிறதா என்றும் பார். போடவில்லையென்றால் போடச்சொல். ஆங்கிலம் என்று கூப்பிட்டு வேதம் திறந்தால், அதை ஏமாற்று என்று அந்தப் பிள்ளைகள் நினைத்தாலும் கிரெங் ஜாயில் உன்னிடம் சொல்லமாட்டார்கள்.

கிராமத்துக்குப் போகலாமா? விசா ஒழுங்காகிவிட்டால் தாராளமாகப் போ. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கு சொங்க்ரான். நம் சங்கிராந்தி என்ற சொல்தான், நம் சித்திரை முதல் நாளும் அதற்குள் வந்துவிடும். நகரத்தில் தண்ணீர்த் துப்பாக்கியும் வாளியுமாக ஒரே அமளி. வீட்டுக்குள் நடப்பது வேறு. பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சின்னவர்கள் மண்டியிட்டு அவர்கள் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி கேட்பார்கள். வடக்கே அதற்குத் ‘தாம் ஹுவா’ என்று பெயர், தலை அலசுவது என்று பொருள். அந்தத் தண்ணீரில் போடுகிற ‘சொம் பொய்’ என்ன தெரியுமா? நம் சீயக்காய். வாசனை மூக்கில் ஏறினதும் எனக்கு அம்மா நினைவு வந்து, அழுதுவிடுவேனோ என்று பயந்துபோனேன். நீயும் ஊற்று. வயதானவர்களை மதிப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பாட்டி உன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்ட வரலாம். உயிரின் பலம் உடம்பை விட்டுப் போகாமலிருக்க என்பது அவர்கள் நம்பிக்கை. நான் கட்டிக்கொண்டேன், என்னோடு வந்தவள் கட்டிக்கொள்ளவில்லை. இருவரும் அதே மனசாட்சியோடுதான் வீடு திரும்பினோம். உனக்கு நெருடினால் முன்கூட்டியே தோழியிடம் சொல்லி வை, அவள் பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் கையை மட்டும் இழுத்துக்கொள்ளாதே.

ரசம்? தாராளமாக வை. புளிப்பும் காரமும் அவர்களுக்குப் புதிதில்லை. வாரொரொட் சந்தையில் ‘மக்காம் பியாக்’ என்று கேட்டால் கரைக்கிற புளி கிடைக்கும். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் அங்கேயே உண்டு, பெருங்காயம் மட்டும் ஊரிலிருந்து வரட்டும். பாட்டிக்கு முதலில் அரைக் கரண்டி ஊற்றி, கிண்ணம் காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டு இரு. நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே.