கராஜில் விமானம் கட்டலாம், வாங்க: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் ஆர்வி-7 போன்ற, பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் அலுமினியக் கிட் விமானத்தை வீட்டுக் கராஜிலேயே கட்டத் தொடங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

இறக்கை 25 அடி என்கிறார்கள். இரண்டு கார் நிறுத்தும் கராஜ் போதுமா?

போதும். அந்த 25 அடி, நுனிக்கு நுனி மொத்த அளவு. இடது இறக்கையும் வலது இறக்கையும் தனித்தனியாகத்தான் உருவாகின்றன. முடிந்ததும் சக்கரம் வைத்த மரத் தொட்டிலில், முன்விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்திச் சுவரோரம் தள்ளிவிடலாம். உடற்பகுதி வந்த பிறகுதான் நெருக்கடி. எஞ்சினும் வாலும் பூட்டினால் விமானம் 20 அடிக்குக் கொஞ்சம் மேலேயே நீளும். கராஜின் உள்நீளத்தை இன்றைக்கே அளந்துவிடுங்கள். இறக்கைகளைப் பூட்டுவது எப்படியும் விமான நிலைய ஹேங்கரில்தான்.

வேலை செய்யும் மேசையைக் கடையில் வாங்கலாமா?

வேண்டாம், நீங்களே செய்யுங்கள். சொந்தமாக விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏவின் 1000-ஆம் கிளை வடிவமைத்த 2 அடிக்கு 5 அடி மேசையைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். இரண்டு செய்தால் சேர்த்தும் போடலாம், நடுவில் இடைவெளி விட்டும் போடலாம். மேலே முக்கால் அங்குல எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை. அது சட்டத்தைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருந்தால்தான் கிளாம்ப் பிடிக்கும்.

உயரத்தை விட மட்டம் முக்கியம். தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கராஜ் தரையை வாசல் பக்கம் சரித்தே போட்டிருப்பார்கள். அதனால் நான்கு கால்களிலும் போல்ட் வைத்து ஏற்றி இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். நான்கு மூலையிலும் நூல் பலகையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் இரண்டும் பட்டும் படாமலும் தொட்டால் சரி. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ மேசை முறுக்கியிருக்கிறது. அதன்மேல் வைத்து ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்த எலிவேட்டரும், அதாவது வாலில் ஏறி இறங்கும் மடலும், முறுக்கியே நிற்கும். மேல்தகடு மூடிய பிறகு அதை நிமிர்த்தவே முடியாது.

கம்ப்ரசர் எவ்வளவு பெரியது வேண்டும்?

ரிவெட் துப்பாக்கி விட்டுவிட்டுத்தான் காற்று இழுக்கும், அதற்குச் சின்னதே போதும். இடைவிடாமல் காற்று கேட்பது ஏர் டிரில்தான். 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5 கன அடியும், 20 காலன் தொட்டியும் இருந்தால் டிரில் மூச்சு வாங்காது. எண்ணெய் போடும் வகையாகப் பாருங்கள், சத்தம் குறைவு. அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ரிவெட்டைச் சுற்றித் தகட்டில் பிறை வடிவப் பள்ளம் விழுகிறது. என்ன தவறு?

துப்பாக்கி சாய்ந்திருக்கிறது, அல்லது காற்றழுத்தம் அதிகம். பெரும்பாலும் இரண்டுமே. துப்பாக்கியின் அடியிலேயே ரெகுலேட்டர் பொருத்தி, 3/32 அங்குல ரிவெட்டுக்கு 35–40 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். தட்டைத்தலை ரிவெட்டுக்கு, துப்பாக்கி நுனியில் ரப்பர் வளையம் உள்ள சுழலும் செட் போடுங்கள். பின்பக்கம் முட்டுக்கொடுக்கும் உலோகக் கட்டியான பக்கிங் பார் நேராகப் பதிந்தது கையில் தெரிந்த பிறகே விசையை அழுத்த வேண்டும். துப்பாக்கி நின்ற பிறகே பாரை எடுக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் ‘ரெடி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் நசுங்கி உருவாகும் தலையின் விட்டம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3/32-க்கு அது ஏறத்தாழ 3.6 மி.மீ., 1.2 மி.மீ. நூலிழை குறைந்தால் இன்னும் இரண்டு தட்டு தட்டலாம். தலை மடிந்து படுத்துவிட்டால் கழற்றத்தான் வேண்டும். முன்பக்கம் ரிவெட்டோடு வந்த தலையின் நடுவில் 40-ஆம் எண் பிட்டால் தலையின் ஆழம் வரை மட்டும் துளையிட்டு, பஞ்ச் கொடுத்து நெம்பினால் தலை பெயர்ந்துவிடும். மீதித் தண்டைப் பின்னால் மரக்கட்டை முட்டுக்கொடுத்துத் தட்டி எடுங்கள். அவசரப்பட்டு முழுதும் துளைத்தால் ஓட்டை எட்டு வடிவமாகிவிடும். ஒரு ரிவெட் லேசாக அழகு குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் கழற்றாதீர்கள். நல்ல ஓட்டை கெடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமரைக் கராஜிலேயே அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் அமெரிக்கக் கராஜ்களில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருப்பது வழக்கம். கரைப்பான் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு படர்ந்து அந்தச் சுடரைத் தொட்டுவிடும். அதை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். டப்பாவில் ஐசோசயனேட் என்று எழுதியிருந்தால் கரி வடிகட்டி முகமூடியை நம்பாதீர்கள், வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும்.

தகட்டின் மேலுள்ள நீலப் பிளாஸ்டிக் உறையை உரிக்காமல் வைக்கலாமா?

கீறல் விழாமல் காக்கும், உண்மைதான். மாதக்கணக்கில் விட்டால் அடியில் ஈரம் தங்கி அரிக்கும். ரிவெட் வரிசை போகும் இடத்தில் மட்டும் சோல்டரிங் அயர்னால் கோடு கிழித்து உரியுங்கள், நுனியை மழுங்க உருட்டிவிட்டு. பென்சிலால் கோடு போடாதீர்கள், கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனாதான் சரி.

வேலையைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறார்களே, அவசியமா?

அவசியம். பெரும்பகுதியை நீங்களே கட்டியதாகக் காட்டினால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ சோதனை ரக அமெச்சூர் விமானமாகச் சான்று தரும். தேதி, செய்த வேலை, நீங்களும் தெரியும் படம், இவ்வளவு போதும். இறக்கையை மூடுமுன் ஈஏஏவின் தன்னார்வத் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். உள்ளே அடித்த ரிவெட்டை மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.