ஒரே நிரலில் ஒரு போகத்தின் கணக்கு

கணனிக் கேள்வி பதில்

கேள்வி: மாமாவின் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுச் செய்நிரல் ஒன்றைப் பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் கொண்டு எழுதினேன். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் ஓர் ஆப்ஜெக்ட் (விபரங்களை ஒன்றாகக் கட்டிவைத்த தொகுப்பு). அதை அப்படியே சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்துத் தொடராக்கி, ‘விபரம்’ என்னும் டெக்ஸ்ட் நிரலில் போட்டுவிடுகிறேன். சேமிக்க ஒரே வரி போதும். பெரும்போக அறுவடை முடிந்ததும் மாமா, “கீரிச்சம்பா மட்டும் எத்தனை கிலோ எடுத்தோம்? யார் யாருக்கு இன்னும் காசு கொடுக்க இருக்கிறது?” என்று கேட்டார். எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துதான் கூட்ட முடிகிறது. ஜேசன் என்னும் பொது எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் போதுமா?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: உங்கள் அட்டவணைகள் எப்படி அமைய வேண்டும் என்பதை மாமாவே அந்த இரண்டு கேள்விகளில் சொல்லிவிட்டார், தம்பி. நெல்லின் வகை, எடை, விவசாயி, கொடுத்த பணம் ஆகிய நான்கையும் அவர் கேட்கிறார். இவற்றில் ஒன்றைக்கூட இப்போது தரவுத்தளத்தால் பார்க்க முடியாது. அதைப் பொறுத்தவரை ‘விபரம்’ என்பது வெறும் நீண்ட எழுத்துத் தொடர். ஒரு நிரையும் நிரலும் சந்திக்கும் இடத்தில் மேலும் பிரிக்க வேண்டாத ஒற்றைப் பெறுமானம் இருக்க வேண்டும் என்பது, ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கொட் 1970இல் தொடர்புநிலை மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே இருக்கும் கருத்து. கூட்டுவது, வடிகட்டுவது, ஒப்பிடுவது எல்லாமே அதை நம்பித்தான் நடக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்தக் கணக்கு ஆலைக்கும், நெல்லைக் கொண்டுவந்து கொட்டிய விவசாயிகளுக்கும் உரியது. நீங்கள் எழுதிய வகுப்புக்கு (ஆப்ஜெக்ட்டின் அமைப்பை வரையறுக்கும் செய்நிரல் பகுதிக்கு) உரியதல்ல. நாளை நீங்கள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டால், உங்கள் இடத்துக்கு வருபவர் பைதனிலோ ஜாவாவிலோ எழுதுபவராக இருக்கலாம். பிஎச்பியின் சீரியலைஸ் வடிவம் பிஎச்பிக்காகவே செய்யப்பட்டது. நீங்களே அந்த வகுப்பின் பெயரை மாற்றினாலும் பழைய பற்றுச்சீட்டுகள் ‘முழுமையற்ற வகுப்பு’ என்று அடையாளமிடப்பட்டுத்தான் திரும்பிவரும். ஜாவாவில் எழுதியிருந்தாலும் இதே சிக்கல்தான்: வகுப்பின் பதிப்பு எண் பொருந்தாவிட்டால் பழைய ஆப்ஜெக்ட்டைத் திறக்க மறுத்துவிடும். செய்நிரல் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கு மாறாமல் நிற்க வேண்டும்.

அந்த வடிவத்தில் நேரடியாகக் கைவைக்கவும் முடியாது. பிஎச்பி ஒரு சொல்லை எழுதும்போது அதற்கு முன்னால் அதன் நீளத்தையும் பைட் கணக்கில் எழுதிவைக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘சம்பா’ என்பதில் புள்ளியும் காலும் சேர்த்து 5 குறியீடுகள், ஆகவே 15 பைட். தவறாகச் சம்பா என்று பதிந்ததை யாராவது தரவுத்தளத்திலேயே ‘கீரிச்சம்பா’ என்று திருத்தினால் சொல் 33 பைட்டாகிவிடும், முன்னால் நிற்கும் 15 மட்டும் அப்படியே இருக்கும். அதன்பின் நெல்லின் பெயர் மட்டுமல்ல, முழுப் பற்றுச்சீட்டுமே திறக்காது. நான்கு மாதம் வயலில் நின்ற ஒருவரின் பணம் அதற்குள் இருக்கிறது.

ஜேசன் இதைவிட எவ்வளவோ நல்லது. எல்லா மொழிகளும் அதைப் படிக்கும். மைஎஸ்கியூஎல் 5.7 முதல் அதற்கென்றே தனி வகையும் உண்டு, உள்ளே தேடவும் முடியும். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது விடையல்ல. பற்றுச்சீட்டில் உள்ள விவசாயி இலக்கம் உண்மையில் இருக்கிறதா என்று அந்நியச் சாவி (ஓர் அட்டவணையை இன்னொன்றுடன் இணைக்கும் நிரல்) பார்த்துக்கொள்வதுபோல் ஜேசனின் உட்பகுதி பார்த்துக்கொள்ளாது. ஈரப்பதன் கருவி தரும், கருவிக்குக் கருவி மாறும் அளவீடுகளை வேண்டுமானால் ஜேசனில் வையுங்கள். மற்றவற்றுக்கு விவசாயி, கொள்வனவு, கொள்வனவில் உள்ள நெல்வகைகள், கொடுப்பனவு என நான்கு அட்டவணைகள் போதும். பணத்துக்கும் எடைக்கும் டெசிமல் வகையையே பாவியுங்கள். பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டவே வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் முழுத் தரவுத்தளத்தையும் பிரதியெடுத்து வேறொரு கணனியில் வையுங்கள். பழைய வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிரையாகத் திறந்து புதிய அட்டவணைகளில் எழுதும் சிறிய செய்நிரல் ஒன்று போதும். திறக்க மறுக்கும் நிரைகளின் இலக்கங்களைத் தனியாக எழுதிக்கொண்டு, ஆலையில் இருக்கும் கடதாசிப் பற்றுச்சீட்டைப் பார்த்துக் கையால் பதியுங்கள். பிறகு பழைய ஆப்ஜெக்ட்களைப் பிஎச்பியில் கூட்டி வரும் மொத்த எடையும், கையால் பதிந்தவை தவிர்ந்த புதிய அட்டவணையின் மொத்தமும் ஒன்றா என்று வகைவாரியாகப் பாருங்கள். நாடு, சம்பா, கீரிச்சம்பா மூன்றும் கிலோவுக்குக் கிலோ சரிவந்தால்தான் வேலை முடிந்தது. ‘விபரம்’ நிரலைச் சிறுபோகம் முடியும்வரை அழிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் வேர்ட்பிரஸ் தளத்தைப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றினோம். எஸ்கியூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து ‘எச்டிடிபி’ என்று வந்த இடமெல்லாம் ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கினேன். பக்கப் பட்டிகளும் தோற்ற அமைப்புகளும் காணாமல் போய்விட்டன. ஏன்?
(வாசகி, கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: மேலே சம்பாவுக்குச் சொன்னதேதான். வேர்ட்பிரஸ் தன் அமைப்புகளில் பலவற்றைச் சீரியலைஸ் செய்தே ஆப்ஷன்ஸ் அட்டவணையில் வைக்கிறது. நீங்கள் சேர்த்த அந்த ஓர் எழுத்து, முகவரியின் நீளத்தை ஒரு பைட் கூட்டிவிட்டது. முன்னால் எழுதியிருந்த எண் பழையதாகவே நின்றது. மாற்றுவதற்கு முன் எடுத்த கோப்பை மீண்டும் ஏற்றி, டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவியில் உள்ள தேடி மாற்றும் கட்டளையைப் பாவியுங்கள். அது ஒவ்வொரு தொகுப்பையும் திறந்து, மாற்றி, நீளத்தைத் திருத்தி மூடும். முதலில் ஒத்திகைத் தெரிவுடன் ஓட்டினால் எத்தனை இடங்கள் மாறும் என்று மட்டும் காட்டும், எதையும் எழுதாது.

கேள்வி: அப்படியானால் ஆப்ஜெக்ட்டை நிரலில் வைப்பது எப்போதுமே தவறா?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: இல்லை. அழிந்தாலும் திரும்ப உருவாக்கக்கூடிய தற்காலிகச் சேமிப்பு, ஒருவர் உள்நுழைந்து வெளியேறும்வரை வாழும் செஷன் ஆகியவற்றுக்கு அது பொருத்தமானதே. உள்ளே இருப்பதைப் பற்றித் தரவுத்தளத்திடம் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குக்கியாகவோ படிவமாகவோ வெளியிலிருந்து வரும் எதையும் அன்சீரியலைஸ் செய்யாதீர்கள், அதாவது மீண்டும் ஆப்ஜெக்ட்டாகத் திறக்காதீர்கள். பிஎச்பி கையேடே இதை எச்சரிக்கிறது. தாக்குபவர் தாம் விரும்பிய ஆப்ஜெக்ட்டை உங்கள் செய்நிரலுக்குள் எழுப்பிவிட முடியும். நிரலின் வகையையும் டெக்ஸ்ட்டிலிருந்து, பைட்களை அப்படியே வைக்கும் பிளொப்புக்கு மாற்றுங்கள். வகுப்பின் பிரைவேட் பண்புகளை (வெளியிலிருந்து தொட முடியாதவற்றை) எழுதும்போது பிஎச்பி இடையில் பூச்சிய பைட்களைச் செருகுகிறது. அவற்றை எழுத்தாக நினைத்துக் கையாளும் இடங்களில் தொகுப்பு சிதைந்துவிடும்.