ஆய்வுக் காப்பகங்களில் பழைய ஆய்வேடுகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: பல்கலைக்கழகக் காப்பகம், ஆய்வுக் களஞ்சியம் என்றெல்லாம் சொல்கிறார்களே, யாரும் திரும்பிப் பார்க்காத பிஎச்டி ஆய்வேடுகளையும் பழைய கட்டுரைகளையும் தவிர அங்கே உருப்படியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சொல்லப்போனால் அங்கே இருப்பதிலேயே சுவாரசியம் குறைந்தது அச்சில் வந்த கட்டுரைதான் என்பேன். அது எப்படியும் இன்னும் பல நூலகங்களில் கிடைக்கும். அந்தக் கட்டுரைக்கு முன்னும் பின்னும் ஓர் ஆய்வாளரின் மேசையில் சேர்கிற சமாச்சாரங்கள், அதாவது அளவீடுகள், குறிப்பேடுகள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள், கணினி நிரல்கள், பாதியில் கைவிட்ட வரைவுகள், இவைதான் வேறெங்கும் இருக்காது.

ஆய்வேடுகளை முதலில் பார்த்துவிடலாம், கேள்வியிலேயே அவற்றுக்கு ஒரு குட்டு விழுந்திருப்பதால். பெரும்பாலான ஆய்வேடுகளை எழுதியவர், வழிகாட்டி, தேர்வாளர்கள் தவிர யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது உண்மைதான். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 1966ஆம் ஆண்டு ஆய்வேட்டை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017 அக்டோபரில் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது, ஆனால் அது பெயருக்காக வந்த கூட்டம், அதை விடுங்கள். ஆய்வேட்டைத் தேடிப் போவதற்கு உருப்படியான காரணம் அதன் பின்னிணைப்பு. ஆய்விதழில் பக்கக் கட்டுப்பாடு உண்டு. கேள்வித்தாள், நேர்காணலின் முழு எழுத்து வடிவம், சரியாக வராத சோதனையின் அட்டவணை எல்லாம் ஆய்வேட்டோடு தங்கிவிடும், அதே ஆய்வு இரண்டு மூன்று கட்டுரைகளாகச் சுருங்கி வெளிவரும்போது அவற்றுக்கு இடம் இருக்காது.

இதெல்லாம் காகிதம். எனக்கு மிகவும் பிடித்த காப்பகத்தில் இருப்பது கண்ணாடி. ஹார்வர்டு வான் ஆய்வகம் 1880களில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள். அவற்றை உருப்பெருக்கியில் பார்த்து ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் அளந்து எழுதியவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவரான ஹென்ரியட்டா லெவிட், சிஃபீட் வகை விண்மீன்களின் ஒளி ஏறி இறங்க எடுக்கும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை 1912இல் காட்டினார். உண்மையான பிரகாசம் தெரிந்தால் விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம், அதை வைத்துத்தான் வானியலாளர் எட்வின் ஹபிள் 1920களில், ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று நிறுவினார். இத்தோடு முடிந்திருந்தால் தகடுகளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு விண்மீன் கடந்த நூறு ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியது என்று இன்றைக்கு ஒருவர் கேட்டால், எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் அது பதில் சொல்லாது. 1905ஆம் ஆண்டின் இரவு வானத்தை மறுபடி படம் எடுக்க முடியாதே!

1950களில் செலவைக் குறைக்க அப்போதைய இயக்குநர் டொனால்டு மென்சல் இந்தப் படம் எடுக்கும் வேலையை நிறுத்திவைத்தார். தொடரில் விழுந்த அந்த ஓட்டைக்கு வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மென்சல் இடைவெளி'. சிக்கனத்துக்காக இப்படி நினைவில் நிற்பது யாருக்கும் வரக்கூடாத புகழ். பின்னாளில் தகடுகளை ஸ்கேன் செய்தபோது வேறொரு சங்கடம் வந்தது. பல தகடுகளின் கண்ணாடிப் பக்கத்தில் அந்தப் பெண்கள் மையால் அம்புக்குறிகளும் எண்களும் போட்டிருந்தார்கள், விண்மீன்களைத் துல்லியமாக ஸ்கேன் செய்ய அந்த மை இடைஞ்சல். அதனால் குறிப்புகளோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு மையைத் துடைத்துவிட்டார்கள். வானியலாளருக்கு அது அழுக்கு, வரலாற்றாசிரியருக்கு அதுதான் ஆவணம். படமாவது மிஞ்சியது என்று தேறிக்கொள்ளலாம், ஆனாலும் துடைத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

தரவு என்றால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் வெறும் 7 அமைப்புகளோடு தொடங்கியது. ஒரே ஓர் அமைப்பைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும் காலம் அது. இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தச் சேமிப்பைக் கொண்டுதான் புரதத்தின் அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளைப் பயிற்றுவித்தார்கள், அதற்காக 2024 வேதியியல் நோபலில் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. பரிசு வாங்கியவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தங்கள் அளவீடுகளை ஒரே வடிவத்தில் கொண்டுவந்து போட்ட ஆயிரக்கணக்கானவர்களும், அதைச் சரிபார்த்து வரிசைப்படுத்தியவர்களும் இல்லாமல் அந்த மென்பொருள் எதைப் படித்துத் தேறியிருக்கும்?

சமூகவியல், தத்துவம் பக்கம் வந்தால் தரவுக்குப் பதில் குறிப்புகள். சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் விட்டுச்சென்ற ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகள் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் கதை இன்னும் பெரியது. பினாமினாலஜி (அனுபவத்தை அது தோன்றும் விதத்திலேயே ஆராய்வது) என்ற தத்துவ மரபைத் தொடங்கிய இவர் 1938இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் இறந்தபோது சுமார் 40,000 பக்கங்கள் கையெழுத்தில் கிடந்தன, அதுவும் சுருக்கெழுத்தில். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், நாஜி ஆட்சி, அந்தக் காகிதங்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தன் முனைவர் ஆய்வுக்காக அவற்றைப் பார்க்க வந்த ஹெர்மன் வான் பிரெடா என்ற பெல்ஜியத் துறவி, பெல்ஜியத் தூதரகத்தின் துணையோடு அவ்வளவையும் லூவன் பல்கலைக்கழகத்துக்குக் கடத்திக் கொண்டுபோனார். அங்கே உருவான காப்பகத்துக்கு 1939இலேயே பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி வந்து வாசித்துவிட்டுப் போனார். சுருக்கெழுத்தைப் பெயர்த்து நூல்களாகக் கொண்டுவரும் வேலை 1950இலிருந்து தொகுதி தொகுதியாக நடக்கிறது.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அந்தந்தக் காலத்து அறிஞர்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூட்டன் போதும். அவருடைய காகிதங்களில் அறிவியல் சம்பந்தப்பட்டவற்றை கேம்பிரிட்ஜ் வைத்துக்கொண்டு, ரசவாதம், இறையியல் பற்றிய பெரும் பகுதியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. 1936இல் அவை ஏலத்துக்குப் போய்ச் சிதறின. ரசவாதக் குறிப்புகள் பலவற்றைப் பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் தேடித்தேடி வாங்கினார், இறையியல் குறிப்புகள் பெரும்பாலும் ஆபிரகாம் யஹூதா என்ற அறிஞரிடம் போய், இப்போது ஜெருசலேமில் இருக்கின்றன. நியூட்டன் எப்படிப்பட்ட ஆள் என்று இன்று எழுதுகிறவர்கள், திருப்பிக் கொடுக்கப்பட்ட இந்தக் காகிதங்களைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

அப்புறம் மதிப்பீட்டாளர் அறிக்கைகள். ஒரு கட்டுரையை வெளியிடலாமா என்று சக அறிஞர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளை லண்டன் ராயல் சொசைட்டி 1830களிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறது. வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் கட்டுரைக்காக ஆரம்பத்தில் எழுதப்பட்ட அறிக்கையிலேயே மதிப்பீட்டாளர்களான வில்லியம் ஹியூவெலுக்கும் ஜான் லப்பக்குக்கும் ஒத்துப்போகவில்லை; ஒருவர் பாராட்ட நினைக்கிறார், மற்றவர் பிழை திருத்தச் சொல்கிறார். இன்றைக்கு, குறை சொல்வதற்கே பெயர்போன 'இரண்டாவது மதிப்பீட்டாளர்' மேல் எரிச்சலில் இருப்பவர்கள் படித்து ஆறுதல் அடையலாம். அதே காப்பகத்தில் 1981இல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர், நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடி லீவன்ஹுக் 1674இல் எழுதிய கடிதத்தோடு சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒட்டியிருப்பதைக் கவனித்தார். உள்ளே நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக லீவன்ஹுக் தன் கையாலேயே சீவிய மெல்லிய துண்டுகள். முந்நூறு ஆண்டுகளாகக் கடிதத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

இணையத்தில் பிறந்தவையும் இதே ரகம்தான். ஆய்விதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை எல்லாரும் படிக்கப் போட்டுவைக்கும் ஆர்கைவ் (arXiv) தளத்தை இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கினார், பின்னர் அது கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது; அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பாயின்கரே கணிப்பு என்ற பிரபலமான கணிதப் புதிருக்கான நிரூபணத்தை ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003இல் மூன்று கட்டுரைகளாக அங்கே போட்டதோடு சரி, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அங்கே பிடித்தது திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். 'இந்த இடத்தில் பிழை இருக்கிறது' என்று ஆசிரியரே ஒரு வரி எழுதிவிட்டு விலக்கிக்கொள்வார், பழைய வடிவம் அப்படியே கிடக்கும், அடுத்தவர் அதே வழியில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். அதேசமயம், ஒன்று அங்கே இருக்கிறது என்பதாலேயே சரியாகிவிடாது. மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துத்தான் சேர்க்கிறார்கள், முறையான மதிப்பாய்வு கிடையாது. இதைத் தெரியாமல் 'ஆராய்ச்சி சொல்கிறது' என்று பகிர்கிறவர்கள் ஏராளம்.

நிரல்களுக்கு 2016இல் வந்த சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், எந்தத் துறையின் தரவையும் ஏற்றுக்கொள்ளும், செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தின் ஜெனோடோ, 1899இல் தொடங்கிய வியன்னா ஒலிக் காப்பகம், பசிபிக் தீவு மொழிகளின் பதிவுகளைக் காக்கும் பாரடிசெக் என்று பட்டியல் நீளும்.

சரி, நீங்களே தேட நினைத்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: கூகுளில் வராதது இல்லை என்று அர்த்தமில்லை. பல காப்பகங்களில் பெட்டி அளவுக்குத்தான் பட்டியல் இருக்கும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் இருக்காது. ராமானுஜனின் கடைசி ஆண்டுக் கணக்குத் தாள்களை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், வாட்சன் என்ற இன்னொரு கணிதவியலாளரின் காகிதங்களுக்கு நடுவில்தான். அதனால் உங்களுக்கு வேண்டியவரின் பெயரை மட்டும் தேடாமல் அவருக்குக் கடிதம் எழுதியவர்கள், அவருடைய வழிகாட்டி, அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஆகியோரின் தொகுப்புகளையும் பாருங்கள். பிறகு காப்பகருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 'இவரைப் பற்றி இருப்பதெல்லாம் அனுப்புங்கள்' என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. எந்த ஆண்டுகள், யார் யாருக்கு எழுதியது, பட்டியலில் கண்ட பெட்டி எண், கோப்பு எண் எது என்று குறிப்பிட்டுக் கேட்டால் பல இடங்களில் சில பக்கங்களை ஸ்கேன் செய்து தருவார்கள், சில இடங்களில் கட்டணம் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் கடிதங்கள் என்றால் இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம், அதையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.